ஒசேஜ் கலை: வாங்கிய துணியும் வழங்கிய துணியும்

2023இல் வெளிவந்த ஹாலிவுட் படம் ஒன்றைப் பார்த்த நண்பர் ஒருவர், அதில் வரும் ஒசேஜ் பழங்குடிப் பெண்களின் போர்வைகளையும் ரிப்பன் வேலைப்பாடுகளையும் வியந்துவிட்டு, கடைசியில் ஒரு சந்தேகத்தை எழுப்பினார். போர்வை ஆலையில் நெய்தது, பட்டு ரிப்பன் பிரெஞ்சு வணிகர்கள் கொண்டுவந்தது, மணக்கோலத்தில் அணியும் கோட்டு அமெரிக்க ராணுவத்தினுடையது. அப்படியானால் ஒசேஜ் மக்களின் பாரம்பரியக் கலை என்று சொல்ல அவர்களிடம் என்னதான் இருக்கிறது என்பது அவர் கேள்வி. இந்தச் சந்தேகம் இயல்பானதுதான். ஆனால் மூலப்பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்து மரபை அளந்தால் ஒசேஜ் கலையில் பாதி கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். வந்த பொருளை அவர்கள் கை என்ன செய்தது, செய்த பொருள் யாருக்கு, எப்போது, ஏன் கொடுக்கப்பட்டது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதைத்தான் இந்தப் பதிலில் விளக்க முயல்கிறேன்.

முதலில் அவர்கள் யார் என்பது. ‘ஒசேஜ்’ என்பது, அம்மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் ‘வஜாஜே’ என்ற பெயர் பிரெஞ்சுக்காரர்களின் எழுத்தில் சிதைந்து உருவான சொல். ஒமாஹா, போன்கா, கான்சா, குவாப்பா ஆகிய மக்களோடு நெருங்கிய மொழியுறவு உடையவர்கள். இன்றைய மிசௌரி, ஆர்கன்சா, கான்சஸ், ஓக்லஹோமா மாநிலங்களின் பெரும்பகுதியில் வேட்டையும் வேளாண்மையும் வணிகமுமாக வாழ்ந்தவர்கள், ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக நிலத்தை இழந்து, 1870களின் தொடக்கத்தில் இன்றைய ஓக்லஹோமாவின் ஒசேஜ் மாவட்டத்தில் வந்து குடியேறினார்கள். பாஹஸ்கா, ஹோமினி, கிரேஹார்ஸ் என்ற மூன்று ஊர்களைச் சுற்றியே அவர்களது சடங்கு வாழ்க்கை இன்றும் நடக்கிறது.

அவர்களது சமூகம் வானப் பிரிவு, மண் பிரிவு என இரண்டாகவும், அதற்குள் 24 குலங்களாகவும் அமைந்திருந்தது. ஊரின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு தெரு ஓடும். வானத்தார் வடக்கிலும் மண்ணார் தெற்கிலும் வீடு கட்டுவார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒரு பிரிவுக்கும் மற்றதற்கும் இடையில்தான். வீடுகள், வளைத்து நட்ட கம்புகளின் மேல் கோரைப்பாயும் தோலும் போர்த்திய நீண்ட கூடுகள். பாய் முடைவது பெண்களின் வேலை.

அந்தப் பாயிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் வணிகர் யாரும் கொண்டுவராத பொருளில் பிறந்த கலை அது. ஒசேஜ் குலங்களின் மிகப் புனிதமான பொருள், பதப்படுத்திய பருந்தின் உடலை உள்ளே வைத்துப் பொதிந்த ஒரு மூட்டை. அது மூன்று உறைகள் கொண்டது: வெளியே காட்டெருமை மயிரால் நெய்த பை, அதற்குள் மான்தோல் பை, அதற்கும் உள்ளே கோரையால் நெய்த உறை. வெளிச்சமே படாத அந்த உள்ளுறையின் வேலைப்பாடுதான் மூன்றிலும் மிக நுட்பமானது. பகலும் இரவும், வானும் மண்ணும் அதன் கோடுகளிலும் பட்டைகளிலும் குறிக்கப்பட்டன. நெய்பவள் மற்றவர்களிடமிருந்து ஒதுங்கியிருந்து, அதற்குரிய முறைகளோடு நெய்தாள். கண்காட்சிக்கு வைப்பதற்காகச் செய்யப்படும் பொருளையே கலை என்று எண்ணிப் பழகிய நமக்கு, மூடி வைப்பதற்காகவே இத்தனை அழகாகச் செய்யப்பட்ட ஒரு பொருள் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் நமக்கு எழுத்தில் கிடைப்பதற்குக் காரணம் பிரான்சிஸ் லா ஃபிளெஷ். ஒமாஹா இனத்தவரான அவருக்கு ஒசேஜ் மொழி அந்நியமில்லை. 1910 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒசேஜ் முதியவர்களோடு இருந்து சடங்குகளையும் பாடல்களையும் குறித்தார். அவருடைய முதல் பெருந்தொகுதி 1921இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் பெயோட்டி என்னும் கள்ளிச் செடியை மையமாகக் கொண்ட புதிய வழிபாடு ஒசேஜ் மக்களிடையே பரவியிருந்தது. பழைய மூட்டைகளை ஏற்று நடத்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் இல்லை. அதனால் பலர் அவற்றை லா ஃபிளெஷிடம் ஒப்படைத்தார்கள். அவை அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. காப்பாற்றப்பட்டன என்றும் சொல்லலாம், கை நழுவின என்றும் சொல்லலாம், இரண்டுமே உண்மைதான்.

உடலும் அவர்களுக்கு ஓவியம் எழுதும் தளமாக இருந்தது. போரில் சிறப்புப் பெற்றவர்களின் மார்பில் கத்தியும் புகைக்குழலும் பச்சை குத்தப்பட்டன. அத்தகையவர்கள் தங்கள் மனைவிக்கும் மகளுக்கும் பச்சை குத்துவித்து மதிப்புச் செய்தார்கள். பெண்ணின் புறங்கையில் குத்தப்பட்ட உருவம் சிலந்தி. பெருமிதம் மிக்க வேட்டைத் தலைவன் ஒருவன், தன் குலத்துக்கு ஒரு சின்னம் தேடி, மானின் தடத்தையே பார்த்துக்கொண்டு ஓடியபோது சிலந்தி வலையில் முகம் சிக்கிக்கொண்டான். எரிச்சலடைந்த அவனிடம், தான் யாரையும் தேடி அலைவதில்லை என்றும், வீடு கட்டிக் காத்திருந்தால் எல்லாம் தன்னிடம் வந்து சேரும் என்றும் சிலந்தி சொன்னதாம். ஆணுக்குக் கத்தி, பெண்ணுக்குச் சிலந்தி என்று இதைச் சுருக்கிப் புரிந்துகொள்ளக் கூடாது. இரண்டும் ஒரே சடங்கு ஒழுங்குக்குள், ஒரே வகைப் புனிதக் கருவிகளால், பெரும் செலவில் செய்யப்பட்டவை. புறங்கைச் சிலந்தியைப் பார்த்தவுடன் அந்தப் பெண்ணின் வீடு எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரியும்.

மரவேலையில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று வில். நம்மில் சிலர் அலங்காரச் செடிப் புத்தகங்களில் ‘ஒசேஜ் ஆரஞ்சு’ என்று படித்திருக்கக்கூடிய மரம், ஆரஞ்சோடு உறவுடையது அல்ல. அது அத்தி, பலா, முசுக்கொட்டை குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் நிற வைரம் பாய்ந்த அதன் கட்டை வளையும், ஆனால் எளிதில் ஒடியாது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வில்மரம் என்றே பெயரிட்டார்கள். 1804இல் மேற்கு நோக்கி ஆய்வுப் பயணம் கிளம்பிய மெரிவெதர் லூயிஸ், செயின்ட் லூயிஸ் நகரத்து வணிகர் பியர் ஷூட்டோவிடமிருந்து இந்த மரத்தின் கிளைகளை வாங்கி அதிபர் ஜெஃபர்சனுக்கு அனுப்பியபோது, வில் செய்வதற்காக இதைத் தேடிப் பல நூறு மைல் போகிறார்கள் என்று எழுதினார். சில ஆண்டுகளில் மிசௌரி ஆற்றின் மேற்பகுதிக்குப் போன ஜான் பிராட்பரி என்ற தாவரவியலாளர், அங்கே அரிகாரா மக்களிடம் இந்த மரத்து வில் ஒன்றின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் என்று குறித்திருக்கிறார். மரம் இயற்கையாக வளர்ந்த இடம் அங்கிருந்து வெகு தெற்கே, செவ்வாற்றை (ரெட் ரிவர்) ஒட்டிய சிறு பகுதி. ஆக, வெளியிலிருந்து பொருள் வருவதும் உள்ளிருந்து பொருள் போவதும் ஒசேஜ் வாழ்வில் வெள்ளையர் வந்த பிறகு தொடங்கியது அல்ல.

மற்றொன்று தொட்டில் பலகை. குழந்தையைக் கிடத்திக் கட்டும் தட்டையான பலகை. தலைப்பக்கம் செதுக்கி வண்ணம் தீட்டியிருக்கும். பித்தளைக் குமிழ் ஆணிகள் அடித்திருக்கும். முகத்துக்கு மேலே வளைந்து நிற்கும் மரப்பட்டையில் மணிகள் தொங்கும். குழந்தையைக் கட்டும் நாடா வெறும் கயிறாக இராது. விரல் பின்னலில் செய்த அகலமான, நிறம் நிறைந்த நாடாவாக இருக்கும்.

விரல் பின்னல் என்பது தறியில்லாத நெசவு. ஒரு குச்சியில் நூல்களை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, ஓரத்து நூலை எடுத்து மற்ற நூல்களின் மேலும் கீழுமாகக் குறுக்கே செலுத்துவார்கள். அது மறுபக்கம் சேர்ந்ததும் மறுபடி பாவு நூலாகிவிடும் (நீளவாக்கில் தொங்கும் நூல்), அடுத்த ஓரத்து நூல் ஊடு நூலாகும் (குறுக்கே ஓடும் நூல்). பாவும் ஊடும் தனித்தனியே இல்லாமல் ஒரே நூல் மாறி மாறி இரண்டாகவும் இருப்பதால், கோலம் நேராக ஓடாமல் சாய்வாக இறங்கும்: அம்புமுனை, மின்னல், கூம்பு என்று. பழைய காலத்தில் காட்டெருமை மயிரும் செடிநாரும். பிறகு வணிகர் கொண்டுவந்த கம்பளி நூல். போகிற போக்கில் வெள்ளை மணிகளையும் நூலில் கோத்து உள்ளே பின்னிவிடுவார்கள். இடுப்புக் கச்சை, முழங்காலுக்குக் கீழே கட்டும் பட்டை, இரண்டு முனையிலும் நீண்ட குஞ்சம் தொங்கும் நாடா எல்லாம் இப்படிச் செய்தவைதான்.

இப்போது ரிப்பனுக்கு வருகிறேன். 1764இல் செயின்ட் லூயிஸ் நகரம் நிறுவப்பட்ட பிறகு, ஷூட்டோ குடும்பத்தின் வணிகத்தில் ஒசேஜ் மக்களே முதன்மையான பங்காளிகள். அவர்கள் கொடுத்தது தோலும் மயிர்த்தோலும். பெற்றவற்றில் பட்டு ரிப்பனும் கம்பளித் துணியும் உண்டு. ஐரோப்பாவில் ரிப்பனைத் தொப்பியிலும் கூந்தலிலும் கட்டினார்கள். ஒசேஜ் பெண்கள் அதை வெட்டினார்கள். வெவ்வேறு நிறமுள்ள ரிப்பன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டத் தையலில் நிறுத்திவிட்டு, காகித மாதிரியை வைத்து மேலுள்ள ரிப்பனின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்குவார்கள். நறுக்கிய விளிம்பை ஊசி முனையால் உட்புறம் மடித்து, நூல் தெரியாத மிகச் சிறிய தையலால் அடியிலுள்ள ரிப்பனோடு பிணைப்பார்கள். மேலே நீக்கிய இடத்தில் அடி நிறம் எட்டிப் பார்க்கும். பிறகு அதே வடிவத்தை எதிர்ப்பக்கம் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பிச் செய்து, நடுக்கோட்டில் இரண்டையும் சேர்ப்பார்கள். முடிந்ததும் எது வடிவம், எது பின்னணி என்று சொல்ல முடியாது. சிவப்பைப் பார்த்தால் ஓர் அம்பு, மஞ்சளைப் பார்த்தால் வேறோர் அம்பு.

தையல் தெரிந்தவர்கள் இரண்டு நிற ரிப்பனில் ஒரு சாண் நீளத்துக்கு இதைச் செய்து பார்க்கலாம். உள்நோக்கி வளையும் இடங்களில் துணியைச் சிறிது கீறிவிட்டால்தான் மடிப்பு படியும். ஒரு நூல் அளவு கூடுதலாகக் கீறினாலும் பட்டு பிரிந்துபோகும். ஒரு போர்வைக்கு இப்படிப் பல முழம் வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் ‘கடையில் வாங்கிய ரிப்பன்’ என்ற பேச்சு நின்றுவிடும். ரிப்பன் வேலை ஒசேஜ் மக்களுக்கு மட்டும் உரியது அல்ல. வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி வாழ்ந்த மக்களிடமும் செழித்தது. ஆனால் நிறங்களை இணை இணையாக அடுக்கும் விதத்திலும், வடிவங்களின் கூர்மையிலும் ஒசேஜ் வேலை தனித்துத் தெரியும். இந்த இணை நிறங்களில் வானப் பிரிவையும் மண் பிரிவையும் காண்பவர்கள் உண்டு. கோரை உறைக்கு அந்த விளக்கம் பொருந்தும். ஒவ்வொரு பாவாடை ஓரத்துக்கும் அதை நீட்டுவது எனக்கு மிகையாகவே படுகிறது. அழகாக இருக்கிறது என்பதற்காகவும் ஒருத்தி நிறம் தேர்ந்திருக்கலாமே.

துணியிலும் அவர்களுக்கென்று ஒரு கண்டிப்பு இருந்தது. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரிலிருந்து வந்த கம்பளித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது ஓரத்தை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அந்த இடம் சாயம் பிடிக்காமல் வெள்ளைக் கரையாக நிற்கும். ஐரோப்பியத் தையற்காரர் வெட்டி எறியும் அந்தக் கரையைப் பழங்குடி மக்கள் விரும்பிக் கேட்டு வாங்கினார்கள். கரை சரியில்லாத துணி விலைபோகாது. பாவாடையிலும் போர்வையிலும் அதை வெளியே தெரியும்படி வைத்துத்தான் தைத்தார்கள். வேட்டியின் கரையைப் பார்த்துத் துணியை மதிப்பிடுபவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆலைகள் பல தலைமுறைகளாக அந்த விருப்பத்துக்கு ஏற்பவே நெய்தன. யார் யாரைப் பின்பற்றினார்கள் என்பதற்கு இதுவும் ஒரு பதில்.

ஆண்களின் கோலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1804 முதல் 1807 வரை ஓவியர் சான் மெமான் வரைந்த உருவப்படங்களில் ஒசேஜ் ஆண்கள் உச்சி முடியை மட்டும் விட்டு மழித்த தலையோடும், அதன்மேல் பொருத்திய மான் மயிர் முகட்டோடும், வெள்ளிக் காதணிகளோடும் தோன்றுகிறார்கள். நீர்நாய்த் தோலும், தொண்டைக் குழியில் ஆற்றுச் சிப்பியில் வெட்டிய வெள்ளை வட்டும் அவர்களது அணிகள். பிற்காலத்தில் ‘ஜெர்மன் சில்வர்’ பரவியது. பெயரில்தான் வெள்ளி, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. தகடாக வெட்டி, உளியால் கோலம் பதித்து, பெண்களின் மேற்சட்டையில் வட்ட வட்டமாகக் குத்திக்கொள்ளும் ஊசிப் பதக்கங்களாயிற்று.

நண்பரின் கேள்வியில் வந்த கோட்டுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் சுவையானது. 1804இல் ஒசேஜ் தலைவர்கள் வாஷிங்டன் சென்று ஜெஃபர்சனைச் சந்தித்தார்கள். அவர்களது உயரத்தைக் கண்டு அதிபரே வியந்து எழுதினார். அத்தகைய சந்திப்புகளில் தலைவர்களுக்குப் பித்தளைப் பொத்தானும் தோள்குஞ்சமும் வைத்த ராணுவ அதிகாரிக் கோட்டுகள் பரிசாக வழங்கப்பட்டன. அவை அந்த நெடிய உடல்களுக்குப் பற்றவில்லை என்றும், ஆகவே அவற்றை மகள்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றும் ஒசேஜ் குடும்பங்களில் சொல்வார்கள். எப்படியோ, அமெரிக்க அரசு தன் அதிகாரத்தைக் காட்டக் கொடுத்த உடை ஒசேஜ் மணப்பெண்ணின் உடையாயிற்று. கோட்டின் ஓரங்களில் ரிப்பன் வேலை ஏறியது. இடுப்பில் விரல் பின்னல் கச்சை. தலையில் ஆண்கள் அணியும் உயரமான பட்டுத் தொப்பி, அதைச் சுற்றி ரிப்பனும் வெள்ளிப் பட்டையும், உச்சியில் சாயம் ஏற்றிய இறகுக் கொத்தும். பரிசாக வந்த கோட்டுகள் தேய்ந்த பிறகு, அதே வடிவில் தாங்களே தைத்துக்கொண்டார்கள்.

அந்தத் திருமணங்கள் பெரியவர்கள் பேசி முடித்தவை. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் குதிரைகள் கொடுப்பார்கள். பெண் வீட்டார் மணப்பெண்ணை மட்டுமல்லாமல் தோழிப் பெண்களையும் இப்படி உடுத்தி அனுப்புவார்கள். சடங்கு முடிந்ததும் அந்த உடைகள் மணப்பெண்ணிடம் தங்குவதில்லை. மாப்பிள்ளையின் உறவுக்காரர்களுக்குப் போய்விடும். மாதக்கணக்கில் தைத்ததை ஒரே நாளில் கொடுத்துவிடுவதுதான் அந்த உடையின் பயன்.

1897இல் ஒசேஜ் நிலத்தில் எண்ணெய் எடுக்கப்பட்டது. 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டபோதும், நிலத்தடி உரிமை பொதுவாகவே வைக்கப்பட்டு, அதன் வருமானம் 2,229 பங்குகளாக வகுக்கப்பட்டது. 1920களில் அந்தப் பணத்துக்காகவே ஒசேஜ் மக்கள் கொலை செய்யப்பட்டார்கள். நண்பர் பார்த்த படத்தின் கதை அதுதான். அதே காலத்தில், பட்டுக்கும் கம்பளிக்கும் குறைவில்லாததால், மிக நேர்த்தியான ரிப்பன் வேலைகளும் பிறந்தன. பெரியவர்கள் பேசி முடிக்கும் திருமணங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அருகிப்போயின. கோட்டுக்கு வேலை இல்லாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை.

காரணம் ‘இன்லோன்ஷ்கா’ என்னும் நடன விழா. 1880களை ஒட்டிய காலத்தில் கான்சா, போன்கா மக்களிடமிருந்து முரசும் பாடலும் உரிமையாகக் கிடைத்தன. அன்றிலிருந்து மூன்று ஊர்களிலும் ஜூன் மாதத்தில் அது நடக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு குடும்பத்தின் மூத்த மகன் முரசுக் காவலனாக இருப்பான். முரசு புதியவனிடம் மாறும்போது, புதியவனின் குடும்பம் முரசுக்கு ஈடு செலுத்த வேண்டும். அந்த ஈட்டில் முதன்மையானது மணக்கோட்டு. பெண்கள் அதை அணிந்து மைதானத்துக்குள் வருவார்கள். பிறகு அவை முந்தைய காவலனின் தரப்புக்குக் கொடுக்கப்படும். திருமணம் என்ற சந்தர்ப்பம் போய்விட்டது, கொடுப்பது நிற்கவில்லை. அதனால் தைப்பதும் நிற்கவில்லை. ஓக்லஹோமாவின் சாம் நோபிள் அருங்காட்சியகம் ஒசேஜ் மக்களோடு சேர்ந்து இந்த உடைகளின் வரலாற்றைக் கண்காட்சியாக்கியபோதும் கொடைதான் அதன் மையமாக இருந்தது.

பாஹஸ்காவில் 1938இல் திறக்கப்பட்ட ஒசேஜ் அருங்காட்சியகம், அமெரிக்காவில் பழங்குடி மக்கள் தாங்களே உடைமையாளராக நடத்தும் அருங்காட்சியகங்களில் மிகப் பழையது. ஒசேஜ் எழுத்தாளர் ஜான் ஜோசஃப் மாத்யூஸ் அது உருவாகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். முதியவர்களின் உருவப்படங்களை வரைவித்து அங்கே சேர்க்க ஏற்பாடு செய்தவரும் அவரே. ரிப்பன் கலைஞர் ஜார்ஜியன் ராபின்சனுக்கு 1982இல், நாட்டின் மரபுக் கலைஞர்களுக்கான தேசிய விருது தொடங்கிய முதல் ஆண்டிலேயே, அது கிடைத்தது. எல்லாம் இப்படி நல்லபடியாக முடியவில்லை. முன்னோர்கள் வரைந்த நூற்றுக்கணக்கான உருவங்கள் உள்ள மிசௌரியின் ஓவியக் குகையை 2021இல் உரிமையாளர்கள் ஏலம் விட்டபோது, ஒசேஜ் அரசு எதிர்த்தும் பயனில்லை. 22 லட்சம் டாலருக்கு அது வேறொருவர் கைக்குப் போயிற்று.

கேள்வி கேட்ட நண்பருக்கு நான் பார்க்கச் சொல்வது ஒசேஜ் கலைஞர் அனிட்டா ஃபீல்ட்ஸ் 2018இல் செய்த ஒரு மணக்கோட்டு. மண்பாண்டக் கலைஞராகவே அதிகம் அறியப்பட்ட அவருக்கு 2021இல் அதே தேசிய விருது கிடைத்தது. மின்னியாபோலிஸ் கலை நிறுவனத்தில் உள்ள அந்தக் கோட்டு, முதல் பார்வைக்கு வழக்கமான ஒசேஜ் மணக்கோட்டுதான்: ராணுவ வெட்டு, ரிப்பன் வேலை, கூடவே இறகு வைத்த தொப்பி. அதன் உட்புறத் துணியில் ஒசேஜ் வரலாற்றின் படங்களை அச்சிட்டிருக்கிறார். அணிந்துகொண்டால் அவை வெளியே தெரியாது; உடுத்தியவளின் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும்.